இத்தாலி எடுத்த கசரத்து

1878 ஜூலை 7 அன்று இத்தாலியில் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இனி உடற்பயிற்சி செய்தாக வேண்டும். விருப்பப் பாடம் அல்ல, கட்டாயப் பாடம். இப்படி ஒரு சட்டத்தை ஒரு தளபதியோ மல்யுத்த வஸ்தாதோ கொண்டுவந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். கொண்டுவந்தவர் பிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ் என்ற இலக்கிய விமர்சகர். இத்தாலிய இலக்கியத்தின் வரலாற்றை எழுதி, அந்நாட்டு இலக்கிய மாணவர்கள் இன்றும் தாண்டிப் போக முடியாத நூலாக அதை நிறுத்தியவர். கல்வி அமைச்சராக இந்தச் சட்டத்தை அவர் நிறைவேற்றியபோது வயது 61.

புத்தகத்தோடு வாழ்ந்த மனிதருக்குப் பிள்ளைகளின் கைகால் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் மன்னர்கள் அவரை அரசியல் கைதியாக்கி, கடலோரக் கோட்டை ஒன்றில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் தூரின் நகரத்தில் அகதி வாழ்க்கை, பிறகு சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்தில் ஆசிரியர் வேலை. அந்த ஆண்டுகளில் அவரை அரித்துக்கொண்டே இருந்த கேள்வி, இவ்வளவு கலையும் இவ்வளவு அறிவும் கொண்ட சமூகம் ஏன் முந்நூறு ஆண்டுகளாக அந்நியரிடம் அடிபட்டுக் கிடந்தது என்பது. 1869-இல் பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் குயிச்சார்தினியைப் பற்றி எழுதிய கட்டுரையில் நோயை அடையாளம் காட்டினார். எல்லாம் தெரிந்தும் தன் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று எதிலும் ஒட்டாமல் விலகி நிற்கும் கெட்டிக்காரனே இத்தாலியின் நோய் என்றார். அறிவு போதும், முதுகெலும்பு வேண்டும் என்பது அவர் முடிவு. முதுகெலும்பை அவர் வெறும் உருவகமாக நினைக்கவில்லை என்பதை இந்தச் சட்டம் காட்டுகிறது.

இத்தாலி என்ற நாடே அப்போது புதுசு. 1861-இல்தான் சிதறிக் கிடந்த சிற்றரசுகள் ஒரே அரசின் கீழ் வந்தன. 1866-இல் வெனிஸ் பகுதி சேர்ந்தது, 1870-இல் ரோம் சேர்ந்தது. பத்தே ஆண்டுகளுக்குள் தலைநகரம் தூரினிலிருந்து ஃபிளாரன்ஸுக்கும் அங்கிருந்து ரோமுக்கும் மூட்டை கட்டியது. நாடு உருவாகிவிட்டது, நாட்டு மக்கள் இன்னும் உருவாகவில்லை என்ற கவலையைப் பழைய அரசியல்வாதி மாசிமோ தாசெலியோ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துப் போனார். அவர் கவலைப்பட்டதில் தவறில்லை. 1861-இல் மக்களில் நாலில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணக்கு; தாராளமாகக் கணக்கிட்டவர்களும் பத்தை ஒட்டியே நின்றார்கள். வெனிஸ்காரன் பேசுவது சிசிலிக்காரனுக்குப் புரியாது. தூரின் அதிகாரி பேசுவது நேப்பிள்ஸ் குடியானவனுக்குப் புரியவே புரியாது.

அப்படிப்பட்ட நாட்டில் உடற்பயிற்சி ஆட்சியாளர்களுக்கு ஏன் பிடித்துப்போயிற்று என்று யோசித்தால் ஒரு காரணம் தெளிவாகவே தெரிகிறது. வரிசையில் நில், கையைத் தூக்கு, திரும்பு என்பதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. மொழி ஒன்றாக இன்னும் இரண்டு தலைமுறை ஆகலாம். அசைவு ஒன்றாக ஒரு விசில் போதும்.

இன்னொரு காரணம் அவமானம். 1866-இல் ஆஸ்திரியாவோடு நடந்த போரில் இத்தாலி தரையில் கஸ்தோத்சாவிலும் கடலில் லிஸ்ஸாவிலும் தோற்றது. வெனிஸ் கிடைத்தது கூட்டாளி பிரஷ்யா ஜெயித்த தயவில். அந்த பிரஷ்யாவின் வெற்றிக்குப் பள்ளிக்கூட வாத்தியார்தான் காரணம் என்ற பேச்சு அன்றைக்கு ஐரோப்பா முழுக்க இருந்தது. ஜெர்மானியப் பிள்ளைகள் பள்ளியிலேயே கம்பி பிடித்துத் தொங்குகிறார்கள், நம் பிள்ளைகள் லத்தீன் வேற்றுமை உருபுகளை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ரோம் நாடாளுமன்றத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

விதை மட்டும் முன்பே விழுந்திருந்தது. 1833-இல் பீட்மாண்ட் அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ தன் பீரங்கிப் படைக்குப் பயிற்சி கொடுக்க ஜூரிக் நகரத்து இளைஞர் ஒருவரை வரவழைத்தார். ரொடோல்போ ஓபர்மான் என்ற அவருக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது. ஜெர்மனியில் யான் என்பவர் 1811-இல் பெர்லினுக்கு வெளியே ஒரு திடலில் தொடங்கிய முறைதான் அன்றைய நடப்பு: பேரலல் பார், குதிரை, கம்பம், கயிறு. அந்தத் திடல்களில் கூடிய வாலிபர்கள் ஜெர்மன் ஒற்றுமை பற்றியும் அரசியலமைப்பு பற்றியும் பேசத் தொடங்கியதால் பிரஷ்ய அரசு 1820-இல் அவற்றை மூடி, 1842 வரைக்கும் திறக்கவிடவில்லை. ஆக ஜெர்மனியில் அரசருக்குப் பயம் கொடுத்த விஷயத்தை இத்தாலியில் ஓர் அரசரே கைநீட்டி வரவேற்றார். இரண்டு நாட்டு உடற்பயிற்சிக்கும் குணம் வேறுபட்டதற்கு இது ஒரு காரணம். ஜெர்மனியில் அது கீழேயிருந்து கிளம்பியது. இத்தாலியில் மேலேயிருந்து இறங்கியது.

ஓபர்மான் படைமுகாமோடு நிற்கவில்லை. 1844 மார்ச் 17 அன்று தூரினில் ஒரு ஜிம்னாஸ்டிக் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இத்தாலியின் விளையாட்டுச் சங்கங்களில் மூத்தது அதுதான். உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தயாரிக்கும் வகுப்பும் பெண்களுக்கான தனி வகுப்பும் 1860-களில் அங்கே ஆரம்பித்தன. 1859-இல் பீட்மாண்டில் வந்த கசாத்தி கல்விச் சட்டம் ஜிம்னாஸ்டிக்ஸைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. ஒருங்கிணைந்த பிறகு அதே சட்டம் நாடு முழுவதற்கும் போனது. 1869-இல் வெனிஸில் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ரோம் இன்னும் போப்பாண்டவர் கையில்தான் இருந்தது. தலைநகரமாகப் போகும் ஊரே நாட்டுக்குள் வராத சமயத்தில் தண்டால் எடுக்கிறவர்கள் தேசிய அமைப்பு கண்டுவிட்டார்கள்.

தெ சாங்க்டிஸின் சட்டம் இந்தச் சங்கத்துக்காரர்களின் கனவைத்தான் சட்ட மொழியில் எழுதியது. பையன்களுக்கு உடற்பயிற்சி ராணுவ சேவைக்கும் தயார்ப்படுத்த வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அது கல்வி நோக்கத்தோடு மட்டுமே, தனி விதிகளின்படி நடக்க வேண்டும். பெண்களையும் சேர்த்ததே அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்.

சட்டம் எழுதுவது சுலபம். தொடக்கப் பள்ளியை நடத்தும் செலவு அன்றைய இத்தாலியில் அந்தந்த ஊராட்சியின் தலையில் இருந்தது. முந்தின ஆண்டு வந்த கொப்பீனோ சட்டம் ஆறு முதல் ஒன்பது வயது வரை பள்ளியைக் கட்டாயமாக்கியிருந்தது. அதற்கே கட்டடமும் சம்பளமும் கொடுக்க முடியாமல் தெற்கத்தி ஊராட்சிகள் திணறின. ஜிம்னாஸ்டிக் கூடத்துக்கு எங்கே போவது? வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே நின்று கையைக் காலை நீட்டி மடக்குவதுதான் பல பள்ளிகளில் உடற்பயிற்சி. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று வேலையில் இருந்த வாத்தியார்களுக்கே அவசர வகுப்புகள் வைத்தார்கள். அதுவரை கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவர்கள் நடுவயதில் தண்டால் எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளின் உடம்பு எப்படி இருந்தது என்பது இன்னொரு கதை. ரிதோல்போ லீவி என்ற ராணுவ மருத்துவர், 1859 முதல் 1863 வரை பிறந்து படைக்கு வந்த சுமார் 3 லட்சம் பேரின் அளவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். நாட்டோடு சேர்ந்து பிறந்த தலைமுறை என்றே அவர்களைச் சொல்லலாம். சராசரி உயரம் ஒரு மீட்டர் 65 சென்டிமீட்டரைத் தொடவில்லை. வெனிஸ் பக்கத்தார் நெட்டை, சார்டினியத் தீவுக்காரர்கள் எல்லோரிலும் குட்டை. வடக்கே சோளக்களி ஒன்றையே தின்று உயிர் வாழ்ந்த குடியானவர்களைப் பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் பிடித்திருந்தது. தோல் வெடித்து, வயிறு போய், கடைசியில் புத்தி பேதலிக்கும். 1881-இல் எடுத்த கணக்கில் அந்த நோயாளிகள் ஒரு லட்சத்துக்கு மேல். தெற்கே மலேரியா. இவ்வளவும் போதாதென்று மாவு அரைக்கிற ஒவ்வொரு முறையும் வரி கட்ட வேண்டிய நிலை 1869 முதல் இருந்தது. ரொட்டி மேல் வரி போட்டுவிட்டு வயிறு காய்ந்த பிள்ளையைக் கம்பத்தில் ஏறச் சொன்ன அரசு அது. தெ சாங்க்டிஸின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அரசின் முன்னுரிமைகளைச் சொல்லலாம்.

நகரத்துப் பள்ளிகளில் பாடம் நடக்கத்தான் செய்தது. அது எப்படி நடந்தது என்று பார்க்க எட்மொண்டோ தெ அமீச்சிஸ் 1886-இல் வெளியிட்ட ‘குவோரே’ என்ற சிறுவர் நாவலைவிட நல்ல சாட்சி இல்லை. தூரினில் ஒரு மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பில் ஓர் ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் வெயில் நன்றாக இருக்கிறதென்று வகுப்பைக் கூடத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பங்களில் ஏறி மேலே உள்ள உத்தரத்தில் எழுந்து நிற்க வேண்டும். கை வழுக்காமலிருக்கப் பையன்கள் குங்கிலியப் பொடியைத் தடவிக்கொள்கிறார்கள். அந்தப் பொடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி ஒரு காசுக்கு விற்பவன் வகுப்பிலேயே வியாபாரப் புத்திக்குப் பேர்போன கரோப்பி. விறகுக்கடைக்காரர் மகன் குரங்கு போல ஏறுகிறான். எல்லோரிலும் பெரியவனான கரோனே வாயில் ரொட்டியை மென்றுகொண்டே ஏறிவிடுகிறான்.

கூன் விழுந்த நெல்லியின் முறை வருகிறது. அவனுடைய அம்மா தலைமையாசிரியரிடம் போய் இந்தப் பாடத்திலிருந்து மகனுக்கு விலக்குக் கேட்டிருந்தாள், மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. குச்சிக் கைகளால் அவன் கம்பத்தைக் கட்டிப் பிடித்ததும் சிலர் சிரிக்கிறார்கள். கரோனே கைகளை மார்பில் கட்டிக்கொண்டு சுற்றிலும் ஒரு முறை முறைக்கிறான், சிரிப்பு அடங்குகிறது. மூச்சு முட்டி முகம் கறுத்தபோது இறங்கிவிடு என்று ஆசிரியர் சொல்கிறார். பையன் கேட்கவில்லை. உத்தரத்தைப் பிடித்து எழுந்து நிற்கிறான், கீழே கைதட்டல் கிளம்புகிறது.

அழுகைக்கு அழைக்கும் காட்சிதான். தெ அமீச்சிஸுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் சட்டத்தின் நோக்கத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லவில்லை. கம்பத்தில் ஏறினால் சிப்பாய் ஆவான் என்று சட்டம் நினைத்தது. கம்பத்தில் ஏறினால் வகுப்பில் ஒருவன் ஆவான் என்று நாவலாசிரியர் பார்த்தார்.

அதே ஆள் 1892-இல் ‘காதலும் ஜிம்னாஸ்டிக்ஸும்’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். இத்தாலோ கால்வீனோ பின்னாளில் முன்னுரை எழுதி மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்த புத்தகம் இது. தூரினில் ஒரு குடியிருப்பு. அங்கே குடியிருக்கும் மரியா பெதானி உடற்பயிற்சி ஆசிரியை. அகன்ற தோள், உயர்ந்த உருவம், பேச்சிலும் நடையிலும் ராணுவ மிடுக்கு. அதே கட்டடத்தில் வீட்டுக்காரரின் காரியஸ்தனாக இருப்பவன், பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்ட கூச்ச சுபாவி தொன் செல்சானி. அவளைக் காதலிக்கிறான். அவளோ காதலுக்கு நேரமில்லை என்கிறாள். தேசத்தின் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைப்பதுதான் அவள் வேலை. வேறு வழி தெரியாமல் செல்சானியும் ஜிம்னாஸ்டிக் வகுப்பில் சேர்கிறான். மாடிப்படியில் அவளைச் சந்திக்க நேரம் பார்த்து ஏறி இறங்குவதே அதற்கு முன் அவனுக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி.

கதை சிரிப்பு மூட்டும். அதில் வரும் சண்டை மட்டும் உண்மைச் சண்டை. பெதானி பௌமான் என்பவரின் கட்சி. எதிரணி ஓபர்மான் கட்சி. நம் ஊரில் கச்சேரி சபாக்களில் பாணி பற்றி நடக்கும் வாக்குவாதத்துக்குச் சற்றும் குறையாத தீவிரத்தோடு இந்த இரண்டு கட்சிக்காரர்களும் துண்டுப் பிரசுரம், மாநாடு, பத்திரிகைக் கடிதம் என்று இருபது ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். ஓபர்மான் 1869-இலேயே இறந்துவிட்டார். தூரின் பள்ளியை ஃபெலீச்சே வல்லெத்தி தூக்கிப் பிடித்தார். கருவிகள், கட்டளைக்கு அசையும் வரிசை, ராணுவ ஒழுங்கு என்பது அவர்கள் பாணி. எமிலியோ பௌமான் பொலோஞ்யா நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு மருத்துவம் படித்தவர். ஜெர்மானியனிடம் கடன் வாங்கிய ஆட்டம் இத்தாலியப் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டார். உடம்பின் இயல்பான அசைவுகளை ஒட்டிப் பயிற்சி அமைய வேண்டும், பலவீனமான பிள்ளைக்கும் அது பயன்பட வேண்டும் என்றார். 1884-இல் ரோமில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைமை பௌமானுக்குக் கிடைத்தது. தூரின்காரர்களுக்கு அது ஆறாத புண்.

இரண்டு கட்சிக்கும் சேர்த்து வேட்டு வைத்தவர் ஒரு விஞ்ஞானி. தச்சரின் மகனாகப் பிறந்து தூரின் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரான ஆஞ்செலோ மோசோ, களைப்பை அளக்க 1880-களில் ஒரு கருவி செய்தார். கையை ஒரு பலகையில் அசையாமல் கட்டிவிடுவார்கள். நடுவிரலில் மட்டும் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் சில கிலோ எடை. தாளக் கருவியின் ஒவ்வொரு தட்டுக்கும் விரலை மடக்கி எடையை இழுக்க வேண்டும். புகைக்கரி பூசிச் சுழலும் உருளையில் ஒரு முள் ஒவ்வோர் இழுப்பையும் கோடாகக் கீறும். நேரம் போகப் போகக் கோடுகள் குட்டையாகிக்கொண்டே வந்து கடைசியில் நின்றுபோகும். பார்த்தால் விளையாட்டுச் சாமான். ஆனால் களைப்பு என்ற ஒன்றை முதல்முறையாகக் கண்ணால் பார்க்க வைத்தது அதுதான்.

தன் சக ஆசிரியர் மஜ்ஜோராவை மோசோ வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்பும் பின்பும் இந்தக் கருவியில் உட்கார வைத்தார். மாணவர்களைக் கேள்வி கேட்டுக் களைத்து வந்த மனிதரின் விரல் பாதி வேலைகூடச் செய்யவில்லை. மூளை களைத்தால் தசையும் களைக்கிறது. அப்படியானால் லத்தீனுக்கும் கணக்குக்கும் நடுவே ஒரு மணி நேரம் கட்டளைக்குக் கட்டளை அசையும் உடற்பயிற்சி பிள்ளைக்கு ஓய்வு கொடுக்காது, கூடுதல் சுமைதான் என்பது மோசோ வாதம். 1891-இல் ‘களைப்பு’ என்ற புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகு ஜெர்மன் பாணி ஜிம்னாஸ்டிக்ஸைத் தொடர்ந்து தாக்கி எழுதினார். கூடத்தை விட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு விடுங்கள், இங்கிலாந்தில் செய்வதுபோல் ஓடியாட விடுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1893-இல் ஃபெர்டினாண்டோ மார்த்தினி கல்வி அமைச்சராக இருந்தபோது அமைத்த குழுவில் மோசோவும் இருந்தார். அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் விளையாட்டுகளுக்கு இடம் கிடைத்தது.

ஆட இத்தாலியில் விளையாட்டு இல்லாமல் இல்லை. முழங்கை வரை முள்முள்ளாய்ச் செதுக்கிய மரக்காப்பு மாட்டிக்கொண்டு கனத்த பந்தை அடிக்கும் ‘பல்லோனே’ நூற்றாண்டுகளாய் இருந்தது. மச்சேராட்டா ஊரில் அதற்கென்றே 1829-இல் கட்டிய பிரமாண்டமான அரங்கு இன்றும் நிற்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் காசு பார்த்தார்கள். பந்தயம் கட்டுவதும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குத் தகுந்த ஒழுக்கமான ஆட்டமாக அதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அந்த இடத்துக்கு வந்தது துறைமுகங்களில் ஆங்கிலேயர் இறக்கிய காலால் உதைக்கும் பந்து. 1896-இல் ட்ரெவிசோவில் ஜிம்னாஸ்டிக் கூட்டமைப்பே கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தியது. 1898 மே 8 அன்று தூரினில் நடந்த முதல் கால்பந்து சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டது நாலே அணிகள். ஒன்று ஓபர்மான் தொடங்கிய அதே ஜிம்னாஸ்டிக் சங்கத்தின் அணி. ஜெனோவா அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது.

இத்தாலியக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிற நம் வாசகர்களுக்கு சாம்ப்டோரியா என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பெயரின் பின்பாதி 1895-இல் ஜெனோவாவில் தொடங்கிய ஆந்திரேயா தோரியா ஜிம்னாஸ்டிக் சங்கத்திலிருந்து வந்தது. சாம்பியன்ஷிப்பின் முதல் கால் நூற்றாண்டில் ஏழு முறை பட்டம் வென்ற ப்ரோ வெர்செல்லியும் ஜிம்னாஸ்டிக் சங்கமாகப் பிறந்ததுதான். 1871-இல் பௌமான் முயற்சியால் பொலோஞ்யாவில் உருவான சங்கம்தான் இன்று விர்துஸ் பொலோஞ்யா என்ற கூடைப்பந்து அணி. கூடைப்பந்து இத்தாலிக்கு வந்த கதையிலும் மரியா பெதானி போன்ற ஒருத்தி இருக்கிறாள், கற்பனைப் பாத்திரம் அல்ல. சியேனா நகரத்து உடற்பயிற்சி ஆசிரியை இதா நோமி பெஷோலீனி விதிகளை மொழிபெயர்த்து, 1907-இல் வெனிஸில் நடந்த ஜிம்னாஸ்டிக் விழாவில் தன் மாணவிகளை வைத்து ஆடிக் காட்டினார். அமெரிக்காவில் அந்த ஆட்டம் பிறந்து அப்போது பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெ சாங்க்டிஸின் சட்டம் பெண் பிள்ளைகளைச் சேர்த்ததன் பலன் இப்படி எதிர்பாராத இடத்தில் விளைந்தது.

சங்கங்களில் ஏழைகளும் நுழைந்தார்கள். மோடெனா பக்கத்தில் பிறந்த அல்பெர்த்தோ ப்ராலியா அப்படிப்பட்டவர். 1908 லண்டனிலும் 1912 ஸ்டாக்ஹோமிலும் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் தங்கம். நடுவில் வயிற்றுப்பாட்டுக்குச் சர்க்கஸில் வித்தை காட்டியதால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஒதுக்கி வைத்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 1954-இல் வறுமையில் இறந்தார். கடைசிக் காலத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கடைநிலை ஊழியர். மோடெனா கால்பந்து மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

பள்ளி உடற்பயிற்சிக்கு 1909-இல் இன்னொரு சட்டம் வந்தது. தூரின், ரோம், நேப்பிள்ஸ் மூன்று ஊர்களிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. கத்தோலிக்கத் திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. 1906 முதல் தனக்கென்று விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தியது. பிறகு முதல் உலகப் போர். அதற்குப் பிறகு முசோலினி.

1923-இல் கல்விச் சீர்திருத்தம் செய்த தத்துவப் பேராசிரியர் ஜொவான்னி ஜென்டீலே உடற்பயிற்சியைப் பள்ளியின் கையிலிருந்து எடுத்துத் தனி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார். பாடம் நடத்துவது பள்ளி, உடம்பு வளர்ப்பது வேறு ஆள். அந்த நிறுவனம் நாலு ஆண்டுகூடச் சரியாக ஓடவில்லை. 1927-இல் பொறுப்பு முழுவதும் ‘பலில்லா’ என்ற முசோலினி கட்சியின் சிறுவர் அமைப்புக்குப் போனது. கருப்புச் சட்டை, அணிவகுப்பு, சிறுவர் கைக்குத் தகுந்த சிறு துப்பாக்கி. ரோமில் ஆண் ஆசிரியர்களுக்கு 1928-இல் ஒரு பயிற்சிக் கழகம், ஓர்வியெட்டோவில் பெண் ஆசிரியர்களுக்கு 1932-இல் இன்னொன்று. ரோம் கழகத்தை ஒட்டிய மைதானத்தைச் சுற்றி ஏறத்தாழ அறுபது பளிங்கு வீரர்கள் நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். தெ சாங்க்டிஸ் கேட்ட முதுகெலும்பு இதுவல்ல. ஆனால் பையன்களை ராணுவத்துக்குத் தயார்ப்படுத்து என்று 1878-இல் எழுதிய வரியைத்தான் பலில்லா கடைசிவரை இழுத்துக்கொண்டு போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் முசோலினி அரசும் திருச்சபையும் உரசிக்கொண்டன. 1928 மே மாதம் ரோமில் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் போட்டி நடந்தபோது போப் பதினோராம் பயஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். மூன்று மாதம் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பவியா பக்கத்துச் சிறுமிகள் அடங்கிய அணி வெள்ளி வென்றது. ஒலிம்பிக்கில் இத்தாலியப் பெண்கள் வாங்கிய முதல் பதக்கம் அது. அணியில் இருந்த லூயிஜினா ஜாவோத்திக்கு வயது பதினொன்று; ஒலிம்பிக் பதக்கம் வென்ற பெண்களில் அவளைவிடச் சின்னவள் இன்றுவரை இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து குடியரசு வந்த பிறகு உடற்பயிற்சிப் பாடத்தில் கட்சி வாடை அடித்ததால் யாருக்கும் அதைத் தொடப் பிடிக்கவில்லை. கற்பித்தவர்களில் பலர் அந்தப் பழைய கழகங்களில் படித்து வந்தவர்கள்தான். 1958-இல் அல்தோ மோரோ கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒழுங்கான சட்டம் கிடைத்தது. தொடக்கப் பள்ளி அப்படியே கிடந்தது. நாட்டை ஆண்ட ஒவ்வொருவரும் படைக்கு, விஞ்ஞானத்துக்கு, கட்சிக்கு என்று பிள்ளைகளின் உடம்பைக் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓடி விளையாடச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரைக் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. பயிற்சி பெற்ற தனி உடற்கல்வி ஆசிரியர் இத்தாலியின் தொடக்கப் பள்ளிகளுக்கு நாடு தழுவிய சட்டப்படி வந்தது 2022–23 கல்வியாண்டில், அதுவும் முதலில் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். நாலாம் வகுப்புக்கு அதற்கும் அடுத்த ஆண்டு. வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்.